காய்ச்சலின் தடம் – 9: கப்பலில் வந்தது, மூக்கில் இறங்கியது

2024 ஐப்பசி. ஃபெஞ்சல் புயல் வந்து திருவண்ணாமலையை உலுக்குவதற்கு ஒரு மாதம் முன்பு. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையில் ஒரு மருந்துக் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். கடை வாசலில் ஆறு பேர். நாலு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்கார அம்மா ஒருவர் சீட்டை நீட்ட, கடைக்காரத் தம்பி ஃபிரிட்ஜைத் திறந்து சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும், அதே மாதிரி இன்னொன்று இருந்தால் காட்டச் சொன்னேன்.

“ஃப்ளூ ஊசிங்க சார். இவங்க சீசனுக்கு வரும்போது கேப்பாங்க, அதுக்குத்தான் நாலஞ்சு வாங்கி வெக்கிறது. நம்மாளுங்க யாரு கேக்கறாங்க? ரெண்டு வேளைக்கு செட் மாத்திரை குடும்பாங்க, வாங்கிட்டுப் போயிடுவாங்க.”

பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஏ/விக்டோரியா/4897/2022. ஏ/தாய்லாந்து/8/2022. பி/ஆஸ்திரியா/1359417/2021. பி/புக்கெட்/3073/2013. அண்ணாமலையார் அடிவாரத்தில் ஒரு ஃபிரிட்ஜுக்குள் நாலு ஊர்ப் பெயர்கள், நாலும் வெளியூர். இது வைரஸுக்குப் பெயர் வைக்கும் முறை: முதலில் இனம், அப்புறம் எந்த ஊர் நோயாளியிடம் கிடைத்தது, அந்த ஆய்வகத்தில் எத்தனையாவது, கடைசியில் ஆண்டு. கிட்டத்தட்ட நம் ரேஷன் அட்டை மாதிரிதான், ஊரும் எண்ணும் இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். நாலில் கடைசிப் பெயருக்கு உரிய வம்சம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் யார் உடம்பிலும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது அது ஓய்ந்துபோனதாக நினைக்கிறார்கள். ஆள் போய்ச் சேர்ந்தாலும் அட்டையில் பெயர் நீக்கப்படவில்லை.

இந்த வாரம் நாம் பின்தொடரப் போகும் பெயர் அந்தப் பெட்டியில் இல்லை. அது ஏ/லெனின்கிராடு/134/17/57. லெனின்கிராடு என்று போட்டிருந்தாலும் அந்தக் குடும்பம் சென்னைத் துறைமுகத்திலும் கால்வைத்த குடும்பம்தான்.

சென்ற அத்தியாயத்தில் 1905 பிளேக்கைப் பார்த்தோம். ஊரே காலியாகிவிட, விரூபாக்ஷ குகையிலிருந்த ரமணர் பச்சையம்மன் கோயிலுக்குப் போய் ஆறு மாதம் போலத் தங்கியிருந்த கதை. பிளேக்குக்கு ஊரைவிட்டு வெளியேறுவது ஒரு மருந்து, ஏனென்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் நம்மோடு வராது. இன்ஃபுளூயன்சாவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அது நம் மூச்சிலேயே வருகிறது.

1918இல் அது வந்தபோது இன்றைய ஆசிரமமே கிடையாது. பாலி தீர்த்தத்தைச் சுற்றிக் காடும், பக்கத்தில் சுடுகாடும்தான். ரமணர் மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் தாயாரோடு இருந்தார். அந்த ஆண்டு ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய காய்ச்சலை ஜனங்கள் பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள். முதல் சுற்று லேசாகப் போனது. மழைக்காலத்தோடு திரும்பி வந்த இரண்டாம் சுற்றுதான் ஆளை விழுங்கியது. சென்னையில் அது உச்சத்துக்கு வந்தது அக்டோபர் நடுவில், அதாவது ஐப்பசி பிறக்கும் நேரம். இந்தத் தேதியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பம்பாய் மாகாணத்தில் ஆயிரத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் இருபதுக்கும் கீழே. தெற்கு தப்பித்தது என்று சொல்ல மாட்டேன், அடி கொஞ்சம் குறைவாக விழுந்தது, அவ்வளவுதான். நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் போனது. அதனால்தான் 1921 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்தது. அதற்குப் பின் எந்தக் கணக்கெடுப்பிலும் அப்படி நடந்ததில்லை.

அன்றைக்கும் தடுப்பூசி இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஜெர்மானியரான ஃபைஃபர் 1892இல் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைப் பார்த்து இதுதான் காரணம் என்றார். 1918இல் உலகெங்கும் ஆய்வகங்கள் அதை வளர்த்து, கொன்று, ஊசியாக்கிப் போட்டன. குற்றவாளி அது இல்லை. கூட்டத்தில் கூடவே வந்த ஜேப்படிக்காரனைப் பிடித்துக் கொலைக் கேஸ் போட்ட மாதிரி. உண்மையான ஆள் சாதாரண நுண்ணோக்கிக்கே தெரியாதவன்.

அவனைப் பிடிக்க 1933 ஆனது. லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் கீரியைப் போன்ற ஃபெரட் என்ற பிராணியின் மூக்கில் நோயாளியின் தொண்டைக் கழுவலை விட்டார்கள். அதுவும் மனிதரைப் போலவே தும்மி, ஜுரத்தில் படுத்தது. சில ஆண்டு கழித்து அப்படி ஒரு ஃபெரட் ஆய்வாளர் முகத்திலேயே தும்மி அவருக்கும் காய்ச்சல் வந்தது. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பிறகு ஆஸ்திரேலியாவின் பர்னெட் கோழி முட்டையில் இந்த வைரஸை வளர்க்கும் வித்தையைச் செம்மைப்படுத்தினார். அந்த வித்தை இன்றைக்கும் மாறவில்லை. அடைகாத்துப் பத்து நாள் ஆன கருமுட்டை. வெளிச்சத்தில் பிடித்து, நரம்பு ஓடுகிறதா, குஞ்சு அசைகிறதா என்று பார்க்கிறார்கள். ஓட்டில் ஊசிமுனைத் துளை. உள்ளே கருவைச் சுற்றியுள்ள நீரில் ஒரு சொட்டு வைரஸ். துளையை அடைத்து இரண்டு மூன்று நாள் கதகதப்பில் வைத்து, பிறகு குளிரூட்டி, மேல் ஓட்டை வெட்டி அந்த நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். நாமக்கல் முட்டைக்கு இங்கே வேலையில்லை. நாம் ஆம்லெட் போடுவது சேவல் சேராத முட்டை, அதில் கருவே கிடையாது. இதற்கென்று நோயில்லாத பண்ணையில் தனியாகக் கோழி வளர்க்க வேண்டும். தாமஸ் ஃபிரான்சிசும் ஜோனஸ் சால்க்கும் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு முட்டைத் தடுப்பூசி போட்டார்கள், வேலை செய்தது. 1947இல் அதே ஊசி கைவிட்டது. வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டுவிட்டது. அதன் பிறகுதான், எந்த நாட்டில் என்ன சட்டையோடு திரிகிறது என்று ஊருக்கு ஊர் வேவு பார்க்காமல் இந்த ஊசி உதவாது என்ற ஞானம் வந்து, உலக சுகாதார நிறுவனம் 1952இல் கண்காணிப்பு வலையை விரித்தது. இந்தியாவுக்கான கண்ணி நம் குன்னூரில், பாஸ்டியர் நிலையத்தில். 1907இல் நாய்க்கடிக்கு மருந்து செய்யத் தொடங்கிய இடம்.

அந்த வலைக்கு முதல் பெரிய சோதனை 1957.

ஏப்ரல் 17ஆம் தேதி வாஷிங்டனில் மாரிஸ் ஹில்மன் என்ற ராணுவ மருத்துவ ஆய்வாளர் செய்தித்தாளைப் புரட்டினார். ஹாங்காங்கில் ஆஸ்பத்திரி வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம், தாய்மார்கள் தூக்கி வந்த குழந்தைகளின் கண்கள் பளிங்கு போல் வெறித்திருந்தன என்று செய்தி. எல்லோரும் படித்துவிட்டு அடுத்த பக்கம் போன செய்தி. ஹில்மன் போகவில்லை. மாதிரியை வரவழைத்து, பலருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார். யார் ரத்தத்திலும் அதற்கு எதிர்ப்பு இல்லை, எழுபது வயதைத் தாண்டிய சில கிழவர்களைத் தவிர. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இதற்கு ஒன்றுவிட்ட ஏதோ ஒன்று வந்துபோயிருக்க வேண்டும். கம்பெனிகளை விரட்டி, கருமுட்டை கிடைக்காமல் போகாதிருக்க சேவல்களைக் கறிக்கு அனுப்பாதீர்கள் என்று பண்ணைக்காரர்களுக்குச் சொல்ல வைத்து, அந்த ஆண்டே அமெரிக்காவில் சுமார் 4 கோடி ஊசிகள் வரக் காரணமானார்.

நம் பக்கம் என்ன நடந்தது? மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த பயணிகள் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தில் நின்றது. அந்தக் காலத்தில் ரஜூலா போன்ற கப்பல்கள் சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று ஓடிக்கொண்டிருந்தன. மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்து வருவார்கள் நம் ஜனங்கள். தகரப் பெட்டியில் கோடாலித் தைலமும் கைலியும் டார்ச் லைட்டும் வரும். அந்த மே மாதம் பெட்டியில் அடங்காத சரக்கு ஒன்றும் வந்தது. கப்பலிலேயே பலர் படுத்துவிட்டார்கள். கரையில் இறக்கித் தனியே வைத்துப் பார்த்தும் பயனில்லை. சில வாரங்களில் சென்னை, அங்கிருந்து ரயில் போகும் ஊரெல்லாம், பிறகு நாடு முழுவதும். குன்னூர் நிலையத்தின் ஐ. ஜி. கே. மேனன் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இதையெல்லாம் எழுதிவைத்தார். 1958 பிப்ரவரிக்குள் அரசுக் கணக்கில் ஏறியவர்கள் 44 லட்சத்துக்கும் மேல். சாவு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. கணக்கில் ஏறியது மட்டும்தான் இது. கஞ்சியைக் குடித்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்தவனை யார் எண்ணினார்கள்?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது வந்தது அக்கினி நட்சத்திர வெயிலில். ஃப்ளூ குளிருக்கு வரும், மழைக்கு வரும் என்பதெல்லாம் பழகின வைரஸுக்குத்தான். யாருக்கும் எதிர்ப்பு இல்லாத புதுசு பஞ்சாங்கம் பார்க்காது. நாலு பேர் உடம்பில் அடிபட்டுப் பழசான பிறகுதான் அது நாள் பார்த்து வரத் தொடங்கும்.

அதே 1957இல் அதே வைரஸ் ரஷ்யாவுக்கும் போனது. லெனின்கிராடில் ஒரு நோயாளியிடம் எடுத்த மாதிரிக்கு 134 என்று எண் விழுந்தது. அங்கே சோதனை மருத்துவ நிலையத்தில் ஸ்மோரோதின்ட்ஸேவும் அவருக்குப் பின் வந்தவர்களும் வேறு வழியில் யோசித்தார்கள். செத்த வைரஸை ஊசியில் ஏற்றுவதற்குப் பதில், உயிருள்ளதையே பல்லைப் பிடுங்கி மூக்கில் விட்டால் என்ன? இது வருவது மூக்கு வழியாகத்தானே. அதற்காக அதைக் குளிருக்குப் பழக்கினார்கள். முட்டையில் வழக்கமான கதகதப்பைக் குறைத்து 25 டிகிரியில் வளர்ப்பது, அதில் பிழைத்ததை எடுத்து அடுத்த முட்டை, மறுபடி 25 டிகிரி. இப்படிப் பதினேழு முறை. பெயரின் நடுவில் நிற்கும் 17 அதுதான். குளிரில் வளரக் கற்ற வைரஸ் வெப்பத்தில் வளர மறந்துபோனது. நம் மூக்கு குளிர்ந்த இடம், வெளிக்காற்று போய்வரும் வழி. நுரையீரல் அடுப்படி மாதிரி, எப்போதும் 37. ஆகவே இது மூக்கில் கொஞ்சம் வளர்ந்து, உடம்புக்கு முகத்தைக் காட்டிவிட்டு, கீழே இறங்க முடியாமல் நின்றுவிடும்.

1957இன் மூல வைரஸ் 1968இல் ஹாங்காங் காய்ச்சல் வந்ததும் மனிதரிடமிருந்து மறைந்தது. பல்பிடுங்கிய அதன் வாரிசு மட்டும் ஆய்வகக் குளிரில் உயிரோடிருந்தது.

1957 மே மாதம் துறைமுகம் என்றால், 2009 மே மாதம் விமான நிலையம். ஹைதராபாத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரிடம் நாட்டின் முதல் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. ஜூன் 11ஆம் தேதி உலகத் தொற்று என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் புனேயில் முதல் சாவு. மக்கள் முகமூடிக்கு அலைந்தது, பள்ளிகளை மூடியது, கிண்டி கிங் நிலையத்துக்குச் சளி மாதிரிகள் போனது எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். கொரோனா வந்து மறக்கடித்துவிட்டது, அவ்வளவுதான். வசதியான நாடுகள் வருகிற ஊசியை எல்லாம் முன்பணம் கட்டிப் பிடித்து வைத்துக்கொண்டன. நம்மைப் போன்றவர்கள் வரிசையின் வாலில் நின்றோம்.

அங்கேதான் லெனின்கிராடு கதவு திறந்தது. ரஷ்ய நிலையம் தன் விதை வைரஸை உலக சுகாதார நிறுவனம் வழியாக வளரும் நாடுகளுக்குத் தர ஒப்புக்கொண்டது. புனேயின் சீரம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒட்டுமாங்கன்று தெரியுமல்லவா? வேர் நாட்டு மா, மேலே கட்டுவது நமக்கு வேண்டிய ரகம். இன்ஃபுளூயன்சாவுக்கு எட்டு மரபுத் துண்டுகள். உள்வேலைகளைப் பார்க்கும் ஆறு துண்டுகள் 1957 லெனின்கிராடு. வெளியே உடம்பு அடையாளம் காணும் இரண்டு துண்டுகள் 2009 கலிபோர்னியா. வேர் பழசு, கனி புதுசு. உயிருள்ள வைரஸ் என்பதால் ஒரு முட்டையிலிருந்து வழக்கமான ஊசியைவிடப் பல மடங்கு டோஸ் கிடைக்கும். முட்டைக்குப் பஞ்சமான நாட்டுக்கு இதுதானே கணக்கு? 2010 ஜூலையில் நாசோவாக் வந்தது. ஊசியில்லை, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஒரு பீச்சல். அதற்கு முந்தைய மாதம் அகமதாபாத்தின் சைடஸ் காடிலா நிறுவனத்தின் ஊசி, அந்த ஆண்டு பிற்பகுதியில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் முட்டையே இல்லாமல் செல்களில் வளர்த்த ஊசி என்று உள்நாட்டுச் சரக்கு வரிசையாக வந்தது.

அப்படியென்றால் 1957இல் சென்னையில் எங்கள் பெரியவர்களைப் படுக்கவைத்த வைரஸின் அண்ணன் தம்பி வழிதான், 53 ஆண்டு கழித்து மூக்கில் மருந்தாக இறங்கியது. இதை எழுதும்போதே எனக்குச் சின்னச் சிரிப்பு வருகிறது. வருத்தமும் உண்டு. நாசோவாக் கடைக்கு வந்த மறுமாதமே, ஆகஸ்ட் 10ஆம் தேதி, உலகத் தொற்று முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் பாயசம் வந்த கதை. அதற்காகச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விதை வைரஸ் கைக்கு வந்ததிலிருந்து ஏறக்குறைய ஓராண்டில் செய்துமுடித்த வேலை அது. பின்னர் இதே குடும்பத்து மூக்கு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பங்களாதேஷில் 57 சதவீதத்துக்குச் சற்று மேலே காத்தது. செனகலில் ஒன்றுமே காக்கவில்லை. ஒரே மருந்து, இரண்டு ஊர், இரண்டு கதை.

ஊருக்கு ஊர் கதை மாறும் என்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நாடு முழுக்க ஆய்வகங்கள் சேர்ந்து எப்போது எங்கே ஃப்ளூ வருகிறது என்று வருடக்கணக்கில் எண்ணிப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டன. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச். டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலை முதல் செப்டம்பர். சென்னைக்கும் வேலூருக்கும் அக்டோபர், நவம்பர். வேலூர் நமக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 1918இல் சென்னை உச்சம் கண்டதும் அதே ஐப்பசி வாக்கில்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் திருவண்ணாமலையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வடகிழக்குப் பருவமழை, அதன் நடுவே தீபத்துக்குக் கொடியேற்றம். பத்து நாளில் லட்சக்கணக்கான பேர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தோளோடு தோள் உரசி, நனைந்த துணியோடு, இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் வந்த மூச்சு கலக்கிறது. அது ஓய்வதற்குள் ரமணாசிரமத் தெருக்களில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து அறை பிடிக்கிறார்கள், அவரவர் நாட்டுக் குளிர்கால வைரஸோடு. 2020இல் கிரிவலத்தையே நிறுத்தினார்கள். அது ஒவ்வொரு ஆண்டும் ஆகிற காரியமில்லை, ஆகவும் வேண்டாம்.

ஊசியின் காலண்டர் வேறு. உலக சுகாதார நிறுவனத்தில் பிப்ரவரியில் வட பாதிக்கும், செப்டம்பரில் தென் பாதிக்கும் எந்த வைரஸைப் போடுவது என்று முடிவு செய்கிறார்கள். முட்டை வேலை முடிந்து ஊசி வர ஆறு மாதம் ஆகும். நாம் வரைபடத்தில் வடக்கு. மழையிலோ நாம் யாரோடும் சேராதவர்கள். போட்ட பின் எதிர்ப்பு வர இரண்டு வாரம் பிடிக்கும், சில மாதங்களில் மங்கவும் செய்யும். என் கணக்கு எளிமையானது: இந்தப் பக்கத்துக்காரர்கள், அதிலும் அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், டாக்டரைக் கேட்டுவிட்டுப் புரட்டாசிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் அது வெளிநாட்டுக்காரர் கேட்டால் எடுக்கிற பொருளாக, மார்கழிச் சரக்காக இருப்பது எனக்கு உறுத்துகிறது.

பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் தொடங்கி, 2021இல் டெல்லியில் ஒரு சிறுவனைக் கொண்டுபோய், 2024இல் அமெரிக்க மாட்டுப் பண்ணைக்குள் நுழைந்த கதை அது. தனி அத்தியாயம் வேண்டும், அடுத்த வாரம்.

போன புரட்டாசியில் நான் போட்டுக்கொண்டேன். கை ஒரு நாள் வலித்தது. தட்சிணாமூர்த்தி கோயில் பக்கம் பூக்கட்டி விற்கும் அக்காவிடமும் சொன்னேன். வயது அறுபத்தைந்து இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் இரண்டு வாரம் இருமுவார். நாரை வாயில் கடித்துக்கொண்டே கேட்டார். விலையைச் சொன்னதும் கை நின்றது. பிறகு மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.

“தீபம் முடியட்டும் சார். இப்பதான் வியாபாரமே. கையி வலிச்சா யாரு கட்டுறது?”

(தொடரும்)